ஒட்டினால் போதுமா? எலைசாத் தட்டும் மன்னார் வளைகுடாவும்

மண்டபம் கரையில் ஒரு கண்ணாடித் துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால், அதன்மேல் முதலில் ஏறுவது சிப்பி அல்ல, பாசியும் அல்ல. புரதம்தான். கடல்நீரில் கரைந்து கிடக்கும் புரதமும் சர்க்கரைப் பொருள்களும் சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகக் கண்ணாடியில் படிந்துவிடும். அந்தப் படலத்தின் மேல் பாக்டீரியா குடியேறும், பிறகு நுண்பாசி, கடைசியில்தான் சிப்பிக் குஞ்சுகள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு கடல்சார் பிரிவு உண்டு. எந்த உலோகம் கடலில் எப்படி அரிக்கிறது, எதன்மேல் எது ஒட்டுகிறது என்று துண்டு துண்டாக நீரில் தொங்கவிட்டுப் பல்லாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அவர்களுக்கு ஒட்டுதல் ஒரு தொல்லை.

நோய் கண்டறியும் ஆய்வகத்துக்கோ அதே ஒட்டுதல்தான் பிழைப்பு. மழைக்காலத்தில் இராமநாதபுரத்துப் பக்கம் காய்ச்சல் பரவும் வாரங்களில், டெங்குவாக இருக்குமோ என்று எடுக்கும் ரத்தம் எலைசாச் சோதனைக்குப் போகிறது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியின் உட்சுவரிலும் மனித ஐஜிஎம் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி முன்பே பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரம், டெங்கு வைரஸ் ஆன்டிஜென், நொதி கட்டிய ஆன்டிபாடி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, ஊற்றிய ஒவ்வொரு முறையும் கழுவி, கடைசியில் நிறம் தரும் கரைசலை விடுவார்கள். அமிலம் விட்டதும் மஞ்சள் நிறம் நின்றால் அண்மையில் டெங்கு தொற்றியதற்கு அடையாளம்.

இத்தனை கழுவல்களுக்கும் அசையாமல் அடியில் நிற்க வேண்டியது முதலில் பூசிய அந்தப் புரதம். அதை எப்படி ஒட்டுவது என்பது அறுபது ஆண்டுக் கேள்வி. படித்துப் பார்த்தால் ஒட்டும் முறைகளைப் பற்றி மலைமலையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒட்டவைப்பது எந்நாளும் பெரும்பாடாக இருந்ததில்லை என்பதே என் கணிப்பு. ஒட்டிய பிறகு புரதத்துக்கு உயிர் இருக்கிறதா, அழைக்காதவர்கள் அங்கே வந்து ஒட்டாமல் இருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் சோதனைகள் தேறுகின்றன, தோற்கின்றன.

கழுவுவதற்காகப் பிறந்த பரப்பு

நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்கக் கதிரியக்கம் ஏற்றிய முறையை 1959–60-ல் வெளியிட்டார்கள். (பெர்சன் 1972-ல் இறந்துபோனார், 1977-ன் நோபல் பரிசில் இருவரில் யாலோவுக்கு மட்டுமே பங்கு கிடைத்தது.) அந்த முறையில் எல்லாமே கரைசலில் நடந்தது. ஆன்டிபாடியோடு சேர்ந்த இன்சுலினையும் சேராத இன்சுலினையும் பிரித்தெடுப்பதுதான் அதில் உயிரை வாங்கிய வேலை. ஆன்டிபாடியை ஏதாவது திண்மப் பொருளில் கட்டிப்போட்டால் பிரிப்பதற்குக் கழுவினால் போதுமே என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. 1966-ல் சுவீடனில் வைடும் போராத்தும் டெக்ஸ்ட்ரான் மணிகளில் ஆன்டிபாடியை வேதிப்பிணைப்பால் கட்டினார்கள். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் கேட், ட்ரெகியர் இருவரும் வேதிப்பிணைப்பு ஏதும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் குழாயில் ஆன்டிபாடிக் கரைசலை ஊற்றிவைத்தார்கள். அது தானாகவே ஒட்டிக்கொண்டது.

கட்டுவது, படியவிடுவது என்று இந்த இரண்டு வழிகளும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவை. இன்றுவரை உள்ள எல்லா முறைகளும் இவற்றின் பேரப்பிள்ளைகள். 1971-ல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும், நெதர்லாந்தில் வான் வீமனும் ஸ்கூர்ஸும் தனித்தனியே கதிரியக்கத்தை நீக்கி நொதியைக் கொண்டுவந்தார்கள்; எலைசா பிறந்தது. தட்டோ அதற்கு மூத்தது. ஹங்கேரியில் தகாட்சி என்ற மருத்துவர் 1951 வாக்கில் இன்ஃப்ளூயன்சா சோதனைக்குக் கண்ணாடிக் குழாய் கிடைக்காத தட்டுப்பாட்டில் பிளாஸ்டிக் பலகையில் குழி குடைந்துகொண்டார். புரதத்தை ஒட்டுவது அவர் எண்ணத்திலேயே இல்லை. லண்டனில் வாலரின் குழு 1974-ல் அந்தக் குழித் தட்டை மலேரியா ஆன்டிபாடியைத் தேடும் எலைசாவுக்குப் பயன்படுத்தியது. அதற்குப் பிறகு தட்டு உலகெங்கும் பரவிவிட்டது.

மரிக்கொழுந்துப் பாசியும் அகரோஸ் மணியும்

கட்டும் வழியைப் பற்றிப் பேசும்போது நம் கரையை விட்டுவிட முடியாது. 1967-ல் ஆக்சென், போராத், எர்ன்பாக் மூவரும் சயனோஜென் புரோமைடைக் கொண்டு சர்க்கரைச் சங்கிலிகளைக் கிளர்த்தி, அவற்றில் புரதத்தைப் பிணைக்கும் முறையை வெளியிட்டார்கள். இந்த முறைக்கு மிகப் பொருத்தமான பரப்பாக நிலைத்தது அகரோஸ் மணி. அகரோஸ் வருவது அகாரிலிருந்து. அகார் வருவது கடற்பாசியிலிருந்து. மன்னார் வளைகுடாவில் அகார் தரும் பாசிகளில் பேர்போனது மரிக்கொழுந்துப் பாசி. அடுத்தது கஞ்சிப்பாசி. பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடா பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறித்துவருவது இதைத்தான். 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் வந்ததிலிருந்து தீவுப் பக்கம் போவதற்கே அவர்களுக்குப் போராட்டம். பாசியை அளவாக எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்ட பாசிப் பெண்களின் தலைவி, சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீக்காலஜி பரிசு கிடைத்தது.

அகரோஸ் ஏன் நல்ல பரப்பு? அதில் தானாக எதுவும் ஒட்டாது. கேட்க முரணாகத் தோன்றும், ஆனால் அதன் பெருமையே அதுதான். அகரோஸ் சங்கிலி நீரை விரும்பும், மின்னூட்டம் இல்லாதது. அருகே வரும் புரதம் நீரை விலக்கிக்கொண்டு அதில் போய் ஒட்ட ஒரு காரணமும் இல்லை. நாம் வேதிக் கொக்கி போட்ட இடத்தில் மட்டும் நாம் தந்த புரதம் மாட்டும். மற்ற இடமெல்லாம் காலி. அகார் அப்படியில்லை. அகாரில் அகரோஸோடு அகரோபெக்டின் என்ற பகுதியும் கலந்திருக்கும். அதில் சல்பேட் தொகுதிகள் உண்டு. அவற்றின் எதிர் மின்னூட்டம் கண்ட புரதத்தையும் இழுத்துப் பிடித்துவைக்கும். பாக்டீரியா வளர்க்க அகார் போதும், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் போதும். ஆன்டிபாடி கட்டுவதற்குச் சல்பேட்டைக் கழித்த அகரோஸ் வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி மூட்டையாக விலைபோவதும், அதே சரக்கு மணியாகிச் சிறு சீசாவில் கப்பலேறி நம் ஆய்வகத்துக்குத் திரும்புவதும் இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

நம்மவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பிரான்செஸ்கா திவி என்ற பாசியியலாளர் 1950 வாக்கிலேயே மண்டபத்தில் இருந்துகொண்டு இந்தியப் பாசிகளின் அகாரை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். மத்திய உப்பு மற்றும் கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் குஜராத்தில் கிராசிலேரியா டூரா என்ற பாசியிலிருந்து தரமான அகரோஸ் எடுக்கும் வழியையே கண்டுபிடித்தது. அந்த நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையம் ஒன்று மண்டபத்திலும் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே உரமும் உணவுப்பொருளும் மட்டும் உருவானால், பாசி எடுக்கும் பெண்ணின் கூலியில் பெரிய மாற்றம் வராது. சல்பேட் கழிக்கும் ஒரு கூடமும் மணி உருட்டும் ஒரு கூடமும் அங்கே வேண்டும்.

பாலிஸ்டைரீன்: வழவழப்பின் வேலை

அகரோஸ் இவ்வளவு நல்லதென்றால் மருத்துவமனைத் தட்டு ஏன் பாலிஸ்டைரீனில் இருக்கிறது? விலை மலிவு, ஒளி ஊடுருவும், கழுவ எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, சும்மா ஊற்றினாலே ஒட்டுகிறது.

முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. புரதத்தை பிஎச் 9.6 உள்ள கார்பனேட் கரைசலில் மில்லிக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரை கலந்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, 4 டிகிரியில் இரவு முழுக்க வைப்பது. இதை லேபில் 'கோட்டிங்' என்பார்கள். பாலிஸ்டைரீன் நீரை வெறுக்கும். புரதத்தின் உள்மடிப்புக்குள்ளும் நீரை வெறுக்கும் பகுதிகள் ஒளிந்திருக்கும். இரண்டும் சந்தித்தால் இடையிலிருந்த நீர் விலகிப்போகும், பிடிப்பு இறுகிவிடும். நன்றாகப் பிடிக்கும் தட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 400 நானோகிராம் ஆன்டிபாடி நிற்கும். நூறு மைக்ரோலிட்டர் நனைக்கும் பரப்பும் ஏறக்குறைய அதே ஒரு சதுர சென்டிமீட்டர்தான். ஆகவே மில்லிக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் ஊற்றுவதில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகிறது. விலை உயர்ந்த மோனோகுளோனல் ஆன்டிபாடியை இப்படிக் கொட்டும் ஆய்வகங்கள் இன்றும் இருக்கின்றன.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? உள்மடிப்புப் பகுதிகள் பிளாஸ்டிக்கைத் தொட வேண்டுமானால் புரதம் கொஞ்சமாவது மடிப்பு அவிழ வேண்டும். அவிழ்ந்தால் வடிவம் போகும். வடிவம் போனால் ஆன்டிஜெனைப் பிடிக்கும் கையும் போகும். அமெரிக்காவின் ஐயோவாவில் பட்லரின் குழு 1990-களின் தொடக்கத்தில் இதை எண்ணிப் பார்த்தது. பாலிஸ்டைரீனில் படிந்த பிடிப்பு ஆன்டிபாடிகளில் வேலை செய்யும் நிலையில் இருந்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு குழியில் 200 நானோகிராம் ஒட்டினால் அது சுமார் எண்பதாயிரம் கோடி மூலக்கூறு. அதில் எழுபதாயிரம் கோடிக்கு மேல் பிணம். மீதி உள்ளவைதான் நோயாளிக்குத் தீர்ப்பு எழுதுகின்றன. இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு மரியாதை வந்தது. இவ்வளவு வீணான பிறகும் சோதனை வேலை செய்கிறதே! எண்ணிக்கை பெரிதாக இருப்பதால்தான் தப்பிக்கிறது. குழியைவிட ஆயிரம் மடங்கு சிறிய உணரிச் சில்லில் இந்த ஊதாரித்தனம் செல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. புரதக் கலவையை ஊற்றினால் எது முதலில் ஒட்டும்? மிகுதியாக இருப்பதும் சிறியதும் முந்திக்கொள்ளும். பிறகு பிடிப்பு அதிகமுள்ள பெரியது வந்து அதை இடம்பெயர்க்கும். சேது எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவரைக் கனத்த குடும்பம் ஒன்று வந்து நகர்த்துவது போல. ரத்தப் புரதங்களில் இதைக் கண்டறிந்து பெயர் பெற்றவர் லியோ வ்ரோமன். டச்சு மொழியில் புகழ்பெற்ற கவிஞரும் அவரே. கலப்படமான ஆன்டிஜெனைக் கொண்டு தட்டைப் பூசுபவர்கள் வ்ரோமனை மறக்கக் கூடாது.

1986 சென்னைக் கதையில் இது தெரியும். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போய் எலைசாவில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் நிறம் ஏறியது. இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் வெளியே வந்தது. அந்தக் காலத்து எச்ஐவி எலைசாக்களில் பூச்சு எப்படித் தயாரானது? வைரசை மனித ரத்த அணுக்களில் வளர்த்து, உடைத்து, வந்த புரதத்தை அப்படியே பரப்பில் ஏற்றினார்கள். வைரஸ் புரதத்தோடு அது வளர்ந்த அணுவின் புரதமும் சேர்ந்து ஒட்டியது. அந்த அணுப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உடலில் இருந்தவர்களுக்கு, பலமுறை பிரசவித்த தாய்மார்களுக்கும் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், எச்ஐவி இல்லாமலே நிறம் ஏறியது. அதனால்தான் உறுதிப்படுத்தும் வெஸ்டர்ன் பிளாட் கட்டாயமாயிற்று. சென்னை மாதிரிகளும் அமெரிக்காவுக்குப் போய்த்தான் உறுதியாயின. பின்னால் மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்த தூய புரதம் பூச்சுக்கு வந்ததும் பொய் நிறம் குறைந்தது. ஒட்டும் முறை மாறவில்லை. ஒட்டிய சரக்கு மாறியது.

சிறியதை எப்படி ஒட்டுவது

புரதம் பெரிதென்பதால் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்கிறது. சின்ன மூலக்கூறுக்கு அந்தப் பிடி கிடையாது. இறால் வளர்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் குளோராம்ஃபெனிகால். தடைசெய்யப்பட்ட இந்த மருந்து இறாலில் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் இருந்தாலே கண்டறியும் திறன் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கேட்டது. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அறுவடைக்கு முன்பே குளத்து இறாலைச் சோதிக்க எலைசா ஆய்வகங்கள் அமைத்ததும் இந்த நெருக்கடியால்தான். குளோராம்ஃபெனிகாலின் மூலக்கூறு எடை 323. ஆன்டிபாடியின் எடையோ ஒன்றரை லட்சம். தட்டில் ஊற்றினால் முதல் கழுவலிலேயே போய்விடும். ஆகவே அதை ஒரு பெரிய புரதத்தின் முதுகில் வேதிப்பிணைப்பால் ஏற்றி, அந்தப் புரதத்தைத் தட்டில் ஒட்டுவது ஒரு வழி. தட்டில் ஆன்டிபாடியை ஒட்டி, நொதி கட்டிய மருந்தையும் இறாலில் உள்ள மருந்தையும் போட்டியிட விடுவது இன்னொரு வழி. இரண்டிலும் நிறம் குறைந்தால்தான் இறாலில் மருந்து இருக்கிறது என்று பொருள். தலைகீழ்க் கணக்கு. புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது.

வேதிப்பிணைப்பு உண்மையில் தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான்: சிறு பெப்டைடு, மருந்து மூலக்கூறு, பலமுறை கழுவிப் பயன்படுத்தும் பரப்பு, காந்த மணி. கண்ணாடியில் ஒட்டச் சிலேன் தடவி அமீன் கொக்கி வைப்பார்கள். கார்பாக்சில் பரப்பானால் கார்போடைஇமைடு. இது போதும், விரித்தால் வேதியியல் பாடமாகிவிடும்.

ஒட்டுவதோடு எந்தத் திசையில் நிற்கிறது என்பதும் இருக்கிறது. ஆன்டிபாடி ஒய் வடிவம். கைகள் மேலே, கால் கீழே இருந்தால்தான் வேலை. கண்டபடி படியவிட்டால் சில தலைகீழாகவும் சில படுத்தும் கிடக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் புரதம்-ஏ ஆன்டிபாடியின் காலை மட்டும் பிடிக்கும். அதை முதலில் ஒட்டிவிட்டால் ஆன்டிபாடி நிமிர்ந்து நிற்கும். ஸ்ட்ரெப்டவிடின்–பயோட்டின் சோடி உயிரியலில் தெரிந்த மிக வலிய பிடிப்புகளில் ஒன்று. அதையும் இதற்கே பயன்படுத்துகிறார்கள். கட்டுரைகளில் இந்த முறைகள் பெரிய முன்னேற்றமாக வரும். என் மதிப்பீடு கொஞ்சம் கஞ்சத்தனமானது. குழி பெரிதாகவும் ஆன்டிபாடி கையில் தாராளமாகவும் இருந்தால் இந்தச் செலவு மிகை. ஆன்டிபாடி அரிதாகவோ பரப்பு மிகச் சிறிதாகவோ இருக்கும்போதுதான் திசை காசுக்குத் தகும்.

சிப்பியின் பசை

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் குளிர்நீர் எடுக்கும் கடலடிச் சுரங்கத்தில் பச்சைச் சிப்பி அடை அடையாக ஒட்டியது. குளோரின் விட்டுக் கட்டுப்படுத்துவது குறித்து அங்கே பல ஆண்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அலை அறையும் ஈரப் பாறையில் இந்த உயிர் எப்படி ஒட்டுகிறது? 1981-ல் ஹெர்பர்ட் வைட், நீலச் சிப்பியின் பசைப் புரதத்தில் டோபா என்ற மாறுபட்ட அமினோ அமிலம் நிறைந்திருப்பதைக் காட்டினார். நம் கடலின் பச்சைச் சிப்பி வேறு வழி கண்டிருக்கிறது. அதன் பசைப் புரதம் ஒன்றில் டிரிப்டோஃபான் மாற்றமடைந்து மேனோஸ் சர்க்கரையைச் சுமந்திருப்பதை வைட்டின் குழுவே 2009-ல் கண்டது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் கிடக்கும் முத்துச் சிப்பியும் இதுபோல நூல் விட்டுத்தான் பாரைப் பிடித்துக்கொள்கிறது.

2007-ல் மெசர்ஸ்மித்தின் குழு சிப்பியைப் பார்த்து ஒரு எளிய வித்தை செய்தது. டோபாவின் நெருங்கிய உறவான டோபமைனைப் பிஎச் 8.5 கரைசலில் கரைத்து அதில் எந்தப் பொருளை முக்கினாலும் மெல்லிய பழுப்புப் படலம் படிகிறது. அந்தப் படலத்தில் புரதம் தானே பிணைகிறது. கண்ணாடி, தங்கம், டெஃப்லான் எதையும் விட்டுவைக்கவில்லை. இதைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்துவிட்டன. எதிலும் ஒட்டும் என்பது இதன் வலிமை. எல்லாமும் இதில் ஒட்டும் என்பது இதன் கேடு. நோயாளியின் சீரமும் அதே ஆர்வத்தோடு ஒட்டவரும். அகரோஸைப் பற்றிச் சொன்னதை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

ஒட்டாமல் காப்பது

பழைய நாளில் மரப் படகின் அடியில் சுறா எண்ணெயும் குங்கிலியமும் பூசிக் கடலில் இறக்குவார்கள். மரம் ஊறாமல், துளைபுழு ஏறாமல், சிப்பி அடையாமல் இருக்க ஒரு காப்பு. தட்டுக்கும் அது வேண்டும். ஆன்டிபாடி ஒட்டிய பிறகும் பிளாஸ்டிக்கில் வெற்றிடம் மிஞ்சும். அதை விட்டால் அடுத்து ஊற்றும் நொதி ஆன்டிபாடியே அங்கு நேராகப் போய் ஒட்டி எல்லாக் குழியிலும் நிறம் தரும். ஆகவே வேறொரு புரதத்தை ஊற்றி இடத்தை அடைப்பார்கள். 'பிளாக்கிங்' என்பது இதுதான். மாட்டு ரத்தத்து ஆல்புமின், பால் கேசின், மீன் தோல் ஜெலட்டின், கடைப் பால் பவுடர்கூட. கழுவும் கரைசலில் 0.05 சதவீதம் ட்வீன் 20 சேர்ப்பதும் இதே காவல்.

பால் பவுடர் மலிவு, நன்றாகவும் அடைக்கும். ஆனால் பாலில் பயோட்டின் உண்டு. ஸ்ட்ரெப்டவிடின் சோதனையில் அதை ஊற்றினால் பிடிக்க வேண்டிய கைகளைப் பாலே நிரப்பிவிடும். மாட்டுப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி சிலரது ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும். அவர்களுக்கு ஆல்புமின் அடைத்த தட்டு பொய் சொல்லும். மீன் ஜெலட்டின் இந்த இரண்டு தொல்லையிலிருந்தும் பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆய்வகத்துக்கு வருவது பெரும்பாலும் குளிர்நாட்டு மீனின் தோலிலிருந்து எடுத்தது. குளிரிலும் உறையாமல் ஊற்ற வரும் என்பதால் அதை விரும்புகிறார்கள். வெப்பக்கடல் மீனின் ஜெலட்டின் அதைவிடச் சற்று உயர்ந்த வெப்பத்திலேயே உறைந்துவிடும். எந்தக் காப்பும் எல்லாச் சோதனைக்கும் பொருந்தாது. இந்த விஷயத்தில் நூல் அறிவு பாதி, கைப்பக்குவம் பாதி.

ஒரு கோடையில் என் கைப்பக்குவம் தோற்ற கதை இது. இரவில் தட்டைப் பூசிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். விடியுமுன் மின்சாரம் போய், பெட்டியின் ஓரம் சூடேறியிருந்தது. மறுநாள் தட்டின் நடுவில் நிறம் ஒழுங்காக வந்தது. வெளி வரிசைகள் மட்டும் ஒரே மஞ்சள். ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் அதை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தட்டை மூடியிடாமல் வைத்ததில் ஓரக் குழிகள் சூடேறி நீர் வற்றியிருக்கின்றன; அவ்வளவுதான். ஓர விளைவு என்று இதற்குப் பெயரே உண்டு என்பது பிறகு தெரிந்தது. ஈரப்பதப் பெட்டியும் ஒட்டுத்தாள் மூடியும் கரையோர ஆய்வகத்துக்கு ஆடம்பரமல்ல.

காகிதப் பட்டையில் ஓடும் கோடு

தட்டும் கழுவலும் இல்லாத இடங்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் பட்டை. 1979-ல் டோபின் குழு ஜெல்லிலிருந்து புரதத்தை இந்தச் சவ்வுக்கு மாற்றிக் காட்டியதிலிருந்து அது பரவியது. இராமேஸ்வரம் தீவு தமிழ்நாட்டில் மலேரியாவுக்குப் பேர்போன இடங்களில் ஒன்று. சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்றத் தோண்டிய மணற்குழிகளில் மலேரியாக் கொசு பெருகியதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் விரல்நுனி ரத்தச் சொட்டில் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் பட்டை பெரிய உதவி. நுண்துளைகளின் உட்பரப்பு மிகுதியாதலால் ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு மைக்ரோகிராம் அளவுக்குக்கூட ஆன்டிபாடி நிற்கும். குழியில் நின்றதைவிட ஏறக்குறைய 250 மடங்கு. இறாலில் 1994-க்குப் பிறகு கிழக்குக் கடற்கரையைச் சூறையாடிய வெண்புள்ளி வைரசையும், மங்களூரு மீன்வளக் கல்லூரியார் மோனோகுளோனல் ஆன்டிபாடி கொண்டு இந்தச் சவ்வில் புள்ளியாகப் பார்க்க வழி செய்தார்கள். குளத்து மேட்டிலேயே பார்த்துவிடலாம்.

பட்டைக்கு எதிரி ஈரம். உறையைப் பிரித்து வெளியே போட்டுவைத்தால் சவ்வு ஈரம் இழுத்து, ரத்தம் ஓடும் வேகம் மாறி, கோடு மங்கும். உறையிலிருக்கும் சிறு சிலிக்காப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இக்கரையின் கிராமச் செவிலியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. மாவட்ட ஆய்வகத்தின் அன்றாடச் சோதனைக்குப் பாலிஸ்டைரீனில் படியவிடும் பழைய முறையே போதும். புரதம் தூயதாக இருக்கட்டும், பூச்சு அளவு மில்லிக்கு நான்கு மைக்ரோகிராமைத் தாண்ட வேண்டாம். புரதத்தைப் பூசாமல் அடைப்பு மட்டும் செய்த ஒரு வரிசைக் குழிகளை ஒவ்வொரு தட்டிலும் விட்டுவையுங்கள். அவற்றில் நிறம் ஏறினால் பூச்சைக் கூட்டாதீர்கள், புதுத் தட்டு வாங்க இண்டெண்ட் போடாதீர்கள். முதலில் பிளாக்கிங் கரைசலை மாற்றிப் பாருங்கள்.